கடவுச்சொல் கேட்கும் நேர்காணல்

வேலைக்கு வருபவரின் சமூக ஊடகக் கணக்கைத் திறந்து பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரும் சர்ச்சையானது. மொன்டானா மாநிலத்தின் போஸ்மன் நகராட்சி விண்ணப்பதாரர்களிடம் கடவுச்சொல்லையே கேட்டுவந்தது. 2009 ஜூனில் எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது.

மேரிலாண்டில் நடந்தது இன்னும் கொடுமை. விடுப்பு முடிந்து சிறைத்துறைப் பணிக்குத் திரும்பவந்த காவலரிடம் பேஸ்புக் கடவுச்சொல்லை வாங்கிய அதிகாரி, அவர் எதிரிலேயே உள்ளே நுழைந்து பதிவுகளைப் படித்தார். வேலை தேவைப்படுகிறவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மறுப்பது எப்படி? நண்பர்கள் நம்பி எழுதியவையும் அத்துடன் அந்நியர் கண்ணில் படுகின்றன. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

இந்த விவகாரத்தைத் தொடர்ந்து 2012 மே மாதம் ஆளுநர் மார்ட்டின் ஓ'மாலி கையெழுத்திட்ட மேரிலாண்ட் சட்டமே இவ்வழக்கத்தைத் தடைசெய்த முதல் மாநிலச் சட்டம். அது அக்டோபர் 1 முதல் அமலானது. இல்லினாயும் கலிபோர்னியாவும் அதே ஆண்டில் சட்டம் இயற்றின.

பொதுவில் கிடக்கும் பதிவுகளைப் பார்ப்பதற்கு இச்சட்டங்களில் தடை இல்லை. மதம், கர்ப்பம், உடல்நலம் என நேர்காணலில் கேட்கத் தயங்குபவை ஒரே புகைப்படத்தில் தெரிந்துவிடும். அதன்பேரில் ஒருவரை ஒதுக்கினாலும் நிரூபிப்பது மிகக் கடினம்.