கொரியாவின் கட்டிப்புடி வைத்தியம்

கட்டிப்புடி வைத்தியம்னு சொன்னாலே நமக்கு 2004-ல வந்த வசூல்ராஜா எம்.பி.பி.எஸ். தான் ஞாபகம் வரும் :) ஆனா அதுக்கு 21 வருஷம் முன்னாடியே ஒரு நாடு முழுக்க இந்த வைத்தியம் நடந்திருக்கு. சினிமா இல்லைங்க, நிஜம்.

1950-ல ஆரம்பிச்ச கொரியப் போர் 1953-ல நின்னுச்சு. ஆனா குண்டுக்குப் பயந்து ஓடின கூட்டத்துல கை நழுவிப் போன பிள்ளைங்க எத்தனையோ பேர். அண்ணன் ஒரு ஊர்ல, தங்கச்சி ஒரு அனாதை இல்லத்துல. ரெண்டு பேரும் தென் கொரியாவிலேயே இருந்தாலும், இவர் உயிரோட இருக்கறது அவருக்குத் தெரியாது.

1983 ஜூன் 30 ராத்திரி, அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி கே.பி.எஸ். ஒரு நிகழ்ச்சி போட்டது. காணாமல் போன சொந்தங்களைத் தேடறவங்க வந்து பேசலாம். திட்டம் போட்டது வெறும் 95 நிமிஷத்துக்கு. கூட்டம் குவிஞ்சதுல நிறுத்தவே முடியலை. 138 நாள், மொத்தம் 453 மணி 45 நிமிஷம் ஓடுச்சு! சியோல்ல இருந்த டிவி நிலையத்துச் சுவர் முழுக்க பெயர் எழுதின காகிதங்கள். திரையில் வந்தவங்க 53,536 பேர். சேர்ந்த குடும்பங்கள் 10,189.

பல பேருக்கு முதல் சந்திப்பு திரையிலதான். ஒருத்தர் சியோல்ல, இன்னொருத்தர் வேற ஊர் ஸ்டூடியோவுல. "அப்பா பேர் என்ன? எங்க பிரிஞ்சோம்? உடம்புல தழும்பு இருக்கா?" கேள்விகள் பொருந்தினதும் கதறல். ஆனா தொட முடியாது. நேர்ல வந்து சேர்ந்தப்போதான் அந்த அழுகை முழுசாச்சு. பெரியவங்களைக் குனிஞ்சு வணங்கிப் பழகின ஜனங்க, கேமரா முன்னாடி கட்டிப்பிடிச்சுத் தரையில் விழுந்து அழுதாங்க. இந்த ஒளிப்பதிவுகளை 2015-ல யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம், வட கொரியாவில் மாட்டினவங்க கதை வேற. 1985-லயும் பிறகு 2000-லிருந்து விட்டு விட்டும் சில சந்திப்புகள் நடந்தன. 2005-ல வீடியோ சந்திப்பும் வந்தது. முகம் தெரியும், குரல் கேட்கும், தோளை மட்டும் தொட முடியாது. கடைசிச் சந்திப்பு 2018 ஆகஸ்ட்ல, கும்காங் மலையில். நாலு வயசுல தொலைச்ச பிள்ளையை 92 வயசு அம்மா கட்டிக்கிட்டாங்க. பிள்ளைக்கு வயசு 71! மூணு நாள்ல சில மணி நேரம்தான் அனுமதி. பிறகு பஸ் கண்ணாடிக்கு உள்ள ஒரு கை, வெளிய ஒரு கை.

தென் கொரியாவில் பெயர் பதிஞ்ச 1,30,000-க்கும் மேற்பட்டவங்கள்ல பாதிக்கும் மேல இறந்துட்டாங்க. கும்காங் சந்திப்பு மண்டபத்தை வட கொரியா இடிக்குதுன்னு 2025 பிப்ரவரியில் தென் கொரிய அரசு சொன்னது.

நம்ம அம்மாவும் அண்ணன் தம்பியும் சிநேகிதனும் ஒரு பஸ் டிக்கெட் தூரத்துலதான் இருக்காங்க. பார்த்தா "சாப்டியா?"ன்னு கேட்டு நிறுத்திக்கறோம். அடுத்த தடவை ஒரு தரம் கட்டிப்பிடிச்சுட்டுத்தான் கேளுங்களேன். கூச்சமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்!