கங்கைகொண்ட சோழேச்சரத்துத் திருமதிலும் கீழணையும்

அடியாரது திருவேடத்தையும் ஆலயத்தையும் இறைவனாகவே கண்டு வழிபடுதல் வேண்டும் என்பது சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் நூற்பாவின் கருத்தாகும். இந்நெறியில் நிற்பார்க்குக் கருவறை ஒன்றே கோயிலன்று. விமானமும் கோபுரமும் திருச்சுற்று மாளிகையும் மதிலும் ஒருங்கு கூடிய முழுவடிவே கோயிலாம். ஆதலின், மதிலினின்று ஒரு கல்லைப் பெயர்த்தலும் திருமேனியில் ஊறு செய்தலாகவே அவர்க்குத் தோன்றும். இவ்வுணர்ச்சி அறவே இல்லாத ஓர் ஆட்சி, பெருங்கோயில் ஒன்றன் மதிலை வெறுங்கற்குவியலாகக் கண்டு பெயர்த்துச் சென்ற வரலாறு சோழநாட்டின் பழைய தலைநகரிலேயே நிகழ்ந்தது.

சென்னையினின்று குடந்தைக்குச் செல்லும் பெருவழியில், அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையம் வட்டத்தில், மீன்சுருட்டி என்னும் ஊர் உளது. அதனைக் கடந்து சில கல் தொலைவு சென்றால் கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் தோன்றும். அங்கிருந்து தெற்கே சென்றால் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டப்பெற்ற கீழணை குறுக்கிடும். அவ்வூர்க்கு அணைக்கரை என்று பெயர். கோயிலும் அணையும் இங்ஙனம் ஒரே வழியில் அமைந்துள்ளன. ஆயினும், அணைக்குக் கோயிலின் கல் பயன்பட்டது என்பதை வழிச்செல்வோர் பலரும் அறியார்.

முதலாம் இராசேந்திர சோழன் தன் படை கங்கைவரை சென்று மீண்ட வெற்றியின் நினைவாக இந்நகரை அமைத்தான். அப்படையெழுச்சி நிகழ்ந்தது கி. பி. 1023-ஐ ஒட்டிய ஆண்டுகளிலாம். அது முதற்கொண்டு சோழப்பேரரசு மறைந்த 1279 வரை, ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள், இந்நகரே தலைநகராய் விளங்கிற்று. தஞ்சை இராசராசேச்சரத்து விமானம் பதின்மூன்று நிலை உடையது. இங்குள்ளது ஒன்பது நிலை உடையது. கருவூர்த் தேவர் இத்தலத்தின்மீது பாடிய திருவிசைப்பாப் பதிகம் ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. வடபுறத்து வாயிலின் அருகே, இறைவன் சண்டேசுர நாயனாரது திருமுடியில் கொன்றைமாலை சூட்டும் சிற்பம், காண்பார் உள்ளத்தை இன்றும் உருக்குவதாம்.

இராசேந்திரன் கோயிலை மட்டும் எடுத்தானல்லன். சோழகங்கம் என்னும் பேரேரியையும் உடன் அமைத்தான். கங்கைநீர் கொணர்ந்த வெற்றிக்கு நாட்டிய நீர்மயமான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அதனைப் புகழ்கின்றன. இஃது இந்நாளிற் பொன்னேரி என வழங்கும். கோயிலும் நீர்நிலையும் ஒன்றற்கொன்று பகையாகாமல் ஓர் அரசனது ஓர் எண்ணத்தினின்றே பிறந்தவை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

தலைநகர் வீழ்ந்த பின்னர் அரண்மனை அழிந்தது. உட்கோட்டையை அடுத்த மாளிகைமேட்டில் அதன் செங்கற் சுவர்களின் அடிப்பகுதிகளை 1980-களிலும், 2021 முதலாகவும், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து கண்டனர். பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களிற் கோயில் கோட்டையாகவும் பயன்பட்டு ஊறுற்றது. எனினும், திருமதில் பெரும்பகுதியும் வீழ்ந்தது போரினால் அன்று. அமைதி நிலவிய காலத்தில், நாட்டு நலம் கருதிய ஒரு நற்பணியினாலேயாம்.

அப்பணியின் இயல்பை அறிதல் வேண்டும். திருவரங்கத் தீவின் மேற்கே காவிரி இரண்டாகப் பிரிகின்றது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருத்தலின், நீர் அதன்வழியே மிகுதியும் ஓடிக் கடலிற் கலந்தது. காவிரியோ மணல் மேடிட்டுத் தஞ்சை நாட்டு வயல்கள் வாடின. இதனைத் தீர்க்க ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் இரண்டு அணைகளை வகுத்தார். முக்கொம்பில் எழுந்த மேலணை காவிரிக்கு உரிய நீரைக் காத்தது. 1836-இல் எழுந்த கீழணை, கொள்ளிடத்தில் எஞ்சி வரும் நீரைத் தேக்கி, வடவாற்றின் வழியே வீராணத்தேரிக்கும், பிற வாய்க்கால்களின் வழியே தென்னார்க்காட்டு, தஞ்சை வயல்களுக்கும் அளித்தது. வீராணம் என்பது முதற் பராந்தக சோழன் காலத்து வீரநாராயணன் ஏரியேயாம். இவ்வணைகளால் விளைந்த நன்மை பெரிது; அதனை மறுப்பார் இலர்.

ஆற்றுவெள்ளத்தின் மோதலைத் தாங்க வன்கல் வேண்டும். கீழணையைச் சூழ்ந்த நிலமோ வண்டலும் செம்மண்ணுமாம். அண்மையிற் கருங்கற் பாறை இல்லை. எண்ணூறு ஆண்டுகட்கு முன் சோழன் தொலைவினின்று வருந்திக் கொணர்ந்த கற்கள் வெட்டிச் செப்பஞ்செய்த நிலையில் அருகிலேயே இருந்தன. வண்டிக்கூலியும் வெட்டுக்கூலியும் மிச்சமாகும் என்பதொன்றே கண்ணிற்பட்டது போலும்! மதிலும், கீழைக் கோபுரமும், சிற்பம் பொருந்திய கற்கள் பலவும் பெயர்க்கப்பட்டு அணைக்கரை சென்றன.

இச்செய்தியை 1855-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலக் குறிப்பு மறையாது உரைக்கின்றது. ஊரிலுள்ள ஏழை மக்கள் தம்மால் இயன்ற மட்டும் இவ்வழிவைத் தடுக்க முயன்றனர். கோயிலின்மேல் யாதோர் உரிமையும் காட்டவியலாத அரசின் ஊழியர் அவர்களை அவமதிப்புக் குற்றத்திற்காக ஒறுத்தனர். கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல்மதில் எழுப்பித் தருவதாக வாக்களித்தனர். அவ்வாக்கு நிறைவேற்றப்படவே இல்லை. அக்குறிப்பு சொல்வது இதுவாகும். அது மக்களுள் எவர் பெயரையும் கூறவில்லை. ஊழியருள் எவர் பெயரையும் கூறவில்லை. பெயரறியா அம்மக்கள் சித்தாந்த நூல்களை ஓதியவரோ அல்லரோ, நூற்பாவின் பொருளைத் தம் உடலால் உரைத்தவராவர். பிற்காலத்தில் நீலகண்ட சாத்திரியார் தம் சோழர் வரலாற்றில் அக்குறிப்பை எடுத்துக்காட்டியதனால் அது பலரும் அறியலாயிற்று.

இங்கே கருதத்தக்க முரண் ஒன்றுண்டு. சென்னை மாகாணத்தில் 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குச்சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. கோயில்களின் அறக்கட்டளைப் பொருள் உரிய வழியிற் செலவாகின்றதா என்று கண்காணிக்கும் பொறுப்பை அச்சட்டம் வருவாய் வாரியத்தினிடம் ஒப்படைத்திருந்தது. காவலுக்கு நின்ற கையே மதிலைப் பெயர்த்தது எனின், வேலியே பயிரை மேய்ந்தது என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான சான்று வேண்டுவதில்லை.

செங்கல்மதில் எழுந்திருப்பின் இழப்பு தீர்ந்திருக்குமோ எனின், தீர்ந்திராது. தமிழ்நாட்டுக் கோயில் மதில் காவலுக்கு மட்டும் உரியதன்று; அஃது ஊரார் எழுதிவைத்த ஏடுமாம். தஞ்சைப் பெருங்கோயிலை நோக்குக. இராசராசன் பல ஊர்களினின்றும் கொணர்ந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர் பெயரும், அவர் முன்பு பணிசெய்த தலமும், அவர்க்கு அளித்த வீடும், ஆளுக்கு நூறு கலம் நெல்லாகிய பங்கும், அக்கோயிற் சுற்றின் வடமதிலிலேயே வெட்டப்பட்டுள்ளன. அரசனைப் பற்றியன்றி, ஆடியும் பாடியும் வாழ்ந்த எளியோரைப் பற்றி நாம் அறிவதற்கு அம்மதிலே காரணமாயிற்று. அது பெயர்க்கப்பட்டிருப்பின் நானூறு பெயர்களும் கொள்ளிடத்து மணலில் உறங்கியிருக்கும்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் நேர்ந்தது அதுவே. இராசேந்திரன் அளித்த ஊர்களை உரைக்கும் நீண்ட கல்வெட்டு, வீரராசேந்திரன் காலத்திற் பொறிக்கப்பட்டது, கோயிலில் எஞ்சி நிற்கின்றது. பெயர்த்த மதிலில் ஓர் எழுத்து இருந்திருப்பினும் அதனைப் படிப்பார் இனி இலர். சென்னையில் அரசினர் கல்வெட்டாய்வாளராக ஹுல்ஷ் அமர்ந்தது 1886-இல். மதில் அழிந்து சரியாக ஐம்பது ஆண்டு கழிந்த பின்னரே படியெடுப்பார் வந்தனர் என்க.

இக்கேடு இந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1850-களில் இலாகூரினின்று மூல்தானுக்கு இருப்புப்பாதை இட்டபோது, அரப்பா மேட்டின் பழஞ்செங்கற்கள் ஏறத்தாழ நூறு மைல் தொலைவிற்குப் பாதையின் அடியில் நிரப்பப்பட்டன. அவை சிந்துவெளிப் பெருநகர் ஒன்றன் செங்கற்கள் என்பது 1920-களிலேயே தெளிவாயிற்று. பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவுகளில், வைக்கீக்கிக் கடற்கரையை நோக்கி நின்ற பாப்பாஎனாஎனா என்னும் தொன்மையான கற்றிருத்தலம் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரிக்கப்பட்டு, அதன் கற்கள் சாலைக்கும் சுவருக்கும் பயன்பட்டன. மூவிடத்தும் காரணம் பகைமையன்று. அருகில் கிடைக்கும் கல் மலிவு என்னும் கணக்கேயாம். பகைவன் இடித்ததை மக்கள் நினைவிற் கொள்வர்; பயன் கருதிப் பெயர்த்ததை, அதன் பயனை நுகர்ந்தே மறப்பர்.

1904-இல் தொல்சின்னக் காப்புச் சட்டமும், 1958-இல் அதனினும் விரிந்த சட்டமும் பிறந்தன. 2010-இல் செய்த திருத்தத்தால், காக்கப்பட்ட சின்னத்தைச் சூழ்ந்த நூறு மீட்டர் எல்லைக்குட் புதுக்கட்டிடம் எழுப்பலாகாது என்பது விதியாயிற்று. இக்கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ளது. 2004-இல் உலக மரபுச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. ஆயினும் சட்டம் காப்பது எல்லைக்கல் நட்ட இடத்தையே. மீன்சுருட்டி முதலாகிய சுற்றூர்களின் மேடுகளிலும் ஏரிக்கரைகளிலும் பழநகரத்தின் எச்சங்கள் காவலின்றிக் கிடப்பின், சாலைக்கும் வீட்டிற்கும் மண்ணெடுப்போர் கையில் அவை அழிதல் எளிது. அவற்றைக் காப்பார், 1836-இல் எதிர்த்து நின்றாரைப் போல, அவ்வவ்வூராரே ஆவர்.

கீழணை இன்றும் நீர் தருகின்றது. அந்நீரால் விளைந்த நெல்லே அப்பகுதிக் கோயில்களிற் பலவற்றில் அமுதாகின்றது. ஆதலின் அணையை வெறுத்தல் முறையன்று. ஏரியும் கோயிலும் ஒருங்கே எடுத்த சோழன் காட்டிய வழி இருக்க, ஒன்றை அழித்தே மற்றொன்றை ஆக்குதல் வேண்டும் என்று துணிந்ததே பிழையாம். அப்பிழைக்கு ஈடாகச் சொன்ன செங்கல்மதில் சொல்லளவிலேயே நின்றது.