அக்காவின் அறைக்குப் போய்ச் சேராத குரல்

எங்கள் வீட்டில் ஒரு பழைய விசுக்கோத்து ரின் இருந்தது. அதற்குள் விசுக்கோத்து இருந்ததை நான் கண்டதில்லை. அண்ணர் பதிவு செய்த 41 ஒலிநாடாக்களே அதற்குள் இருந்தன. எங்கள் ஊர்க் கோயிலில் ஐயா கந்தபுராணப் படனத்துக்குப் பயன் சொன்ன இரவுகள், திருவிழா மேளக் கச்சேரிகள், அம்மா பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் மாலைகள் எல்லாம் அந்த நாடாக்களில் அடங்கியிருந்தன. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் அவற்றைக் கேட்டோம். ஒருவர் மிதிக்க மற்றவர்கள் கேட்போம். மிதிப்பவர் களைத்தால் ஐயாவின் குரலும் களைத்து இழுபடும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த அந்த மழை இரவில், அண்ணர் தமது உடுப்புப் பையை விட்டுவிட்டு அந்த ரின்னைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பக்கம் நடந்தார். அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது ஐந்து நாடாக்கள் ஈரத்தில் கெட்டுப்போயிருந்தன. எஞ்சிய 36ஐயும் 2010இல் கனடாவிலிருந்து வந்திருந்த மருமகன் கணனியில் ஏற்றினான். அண்ணர் அதற்கு அடுத்த ஆண்டு காலமானார்.

இந்தக் கட்டுரை அந்த 36 நாடாக்களின் கதை அன்று. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் ஹோலில் இருந்த அந்தக் குரல்கள், முப்பது அடி தள்ளியிருந்த அக்காவின் அறைக்குப் போய்ச் சேர மறுத்த மூன்று நாள்களின் கதை இது. அதைச் சொல்லப் புகுந்தால் வேறொரு வரலாற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

2024 ஐப்பசியில் அண்ணரின் திவசம் வந்தது. அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. வாசிப்பு நின்றுபோய், கேட்பது ஒன்றே மிச்சம். "ஐயா பயன் சொன்ன அந்த நாடாவைத் திவசத்தண்டைக்கு ஒருக்காக் கேக்கவேணும்" என்றார். மருமகன் முன்னரே ஏற்பாடுகளைச் செய்திருந்தான். சீட்டுக்கட்டு அளவேயான ராஸ்பெரி பை என்னும் சிறு கணனி ஒன்று ஹோலில் இருந்தது. அதில் எல்லாப் பதிவுகளும் இருந்தன. அதுவே இசை வழங்கி. அக்காவின் அறையில் அவன் தனது பழைய ஸ்குவீஸ்பொக்ஸ் ஒன்றை அனுப்பி வைத்திருந்தான். அதுவே இசைப்பான்.

இந்த இசைப்பானுக்கும் ஒரு வரலாறு உண்டு. கணனியில் கிடக்கும் இசையை, கணனி இல்லாத அறையில் கேட்பதற்கென 2001இல் கலிபோர்னியாவில் ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் ஸ்லிம்பி3 என்ற கருவியை வெளியிட்டது. அதற்குள் வன்தட்டு கிடையாது. வலையமைப்பு வயரின் மறுமுனையிலுள்ள கணனி அனுப்புவதை வாங்கி ஒலிப்பது மட்டுமே அதன் வேலை. வழங்கிக்கான மென்பொருளை அவர்கள் திறந்த மூலமாகவே விட்டிருந்தார்கள். 2003இல் வயரில்லாத வடிவம் ஸ்குவீஸ்பொக்ஸ் என்ற பெயரில் வந்தது. 2006இல் லொஜிரெக் நிறுவனம் அதனை வாங்கியது, 2012இல் உற்பத்தி நின்றது, 2024இல் அதற்கான இணையச் சேவையும் மூடப்பட்டது. ஆயினும் கருவிகள் சாகவில்லை. மென்பொருள் திறந்த மூலமாக இருந்தபடியால் தொண்டர்கள் அதைப் பராமரித்து வருகிறார்கள். அதே ஆண்டில் அதற்கு லிரியன் என்று புதுப்பெயரும் சூட்டினார்கள். விற்றவர் கடையைப் பூட்டிய பின்னும் பொருள் பாடிக்கொண்டிருப்பது அபூர்வம்.

ஆனால் எங்கள் வீட்டில் அது பாடவில்லை. வழங்கியைக் காணவில்லை என்று திரையில் எழுதிக் காட்டியது. ரொறொன்ரோவுக்கு அழைப்பெடுத்தேன். அங்கே நள்ளிரவு.

"மாமா, பதறாதேங்கோ. ஹோலில இருக்கிற பெட்டி உயிரோட இருக்கோ எண்டு முதல்ல பாப்பம். அக்கான்ர அறையில நிண்டு உங்கட ஃபோனில இருந்து பிங் பண்ணுங்கோ."

பிங் என்பது வலையமைப்பில் ஒருவரைக் கூப்பிட்டு, "இருக்கிறீரா?" என்று கேட்கும் சிறு நிரல். 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ், ஒரு வலையமைப்புக் கோளாறின் காரணத்தைத் தேடும்போது எழுதியது. நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார். அவர் 2000ஆம் ஆண்டில் ஒரு வீதி விபத்தில் இறந்துபோனார். வலையமைப்பில் எங்கு கோளாறு வந்தாலும் இன்றும் முதலில் கேட்கப்படுவது அவருடைய அந்தக் கேள்விதான்.

நீர்மூழ்கி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறையொன்றிலிருந்து, எட்வேர்ட் ஹாப்பரின் தலைமையில் பொறியியலாளர்கள் கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார்கள். அந்த ஒலிபரப்பிக்கான பாகங்கள் முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டவை. 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. ஓர் அறையில் சுழலும் இசைத்தட்டு இன்னோர் அறையில் கேட்கவேண்டும் என்ற ஆசை இந்நகரத்துக்குப் புதிதன்று.

அக்காவின் அறையிலிருந்து பிங் செய்தேன். ஹோலில் இருந்த பெட்டி உடனே பதில் சொன்னது. பெட்டி உயிரோடிருக்கிறது, பாதையும் திறந்திருக்கிறது, ஆயினும் இசைப்பானுக்கு அது தெரியவில்லை. "சரி மாமா, தானாத் தேடவேண்டாம். நாங்களே முகவரியைச் சொல்லிக் குடுப்பம்" என்றான். வழங்கியின் முகவரியான 192.168.1.5 என்பதை இசைப்பானில் கையால் பதித்தேன். மறுகணம் ஐயாவின் குரல் எழுந்தது. அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். கோளாறு தீர்ந்துவிட்டதென்று நானும் நித்திரைக்குப் போனேன்.

தீரவில்லை. அடுத்த நாள் மாலை ஒரு மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டது. மின்சாரம் வந்தபின் இசைப்பான் மறுபடியும் ஊமையாயிற்று. திவசத்துக்கு ஓர் இரவே இருந்தது. நேற்றுக் கற்ற வித்தையை நானே செய்து பார்த்தேன். 192.168.1.5ஐ பிங் செய்தேன். பதில் வந்தது! பதில் வருகிறது, பாட்டு வரவில்லை. என் குழப்பம் இருமடங்காயிற்று.

மருமகன் சிரித்தான். "பதில் சொன்னது ஆர் எண்டு பாத்தியளோ மாமா?"

நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழில் பார்த்தவனுக்கு இந்தக் கேள்வி உறைத்தது. தொலைபேசியை ஒருவர் எடுத்தார் என்பதனால், நாம் தேடியவரே பேசினார் என்று செய்தி எழுதிவிட முடியுமா? ரவுட்டரின் பதிவைத் திறந்து பார்த்தபோது, 192.168.1.5 என்ற முகவரி இப்போது எங்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்குரியதாக இருந்தது. வழங்கிக்கு 192.168.1.8 கிடைத்திருந்தது.

இது எவ்வாறு நேர்கிறது? தொடக்க காலத்தில் ஒவ்வொரு கணனிக்கும் முகவரியை மனிதர்களே கையால் எழுதி வைத்தார்கள். கணனிகள் பெருகியபோது அது இயலாமற் போயிற்று. 1993இல் டிஎச்சிபி என்ற நெறிமுறை வெளிவந்தது. அதன்படி முகவரி சொந்தக் காணி அன்று, குத்தகைக் காணி. வருகிறவருக்கு ரவுட்டர் ஒரு முகவரியைக் குறித்த காலத்துக்குக் கொடுக்கிறது. மின்சாரம் நின்று வந்தபோது எங்கள் ரவுட்டர் பழைய குத்தகைக் கணக்கை மறந்துவிட்டது. முந்தி எழும்பிய தொலைக்காட்சிப் பெட்டி வழங்கியின் வளவுக்குள் குடியேறிவிட்டது. ஊருக்குத் திரும்பிப் போய்த் தன் வீட்டில் வேறொருவர் இருப்பதைக் கண்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

"அப்ப புது இலக்கத்தைப் போட்டு விடவோ?" என்று கேட்டேன்.

"போடலாம். அடுத்த கரண்ட் கட்டோட திரும்பவும் போகும். அதோட மாமா, முதல் கேள்விக்கு நாங்கள் இன்னும் விடை காணேல்லை. நேற்று அது ஏன் தானா வழங்கியைக் கண்டுபிடிக்கேல்லை? இப்ப ஹோலுக்கு வந்து, அங்கயிருந்து இசைப்பானைப் பிங் பண்ணுங்கோ."

இசைப்பானின் அமைப்புத் திரையில் அதன் முகவரியைத் தேடி எடுத்து, ஹோலுக்கு வந்து கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. அறையிலிருந்து ஹோலுக்குப் போக முடிகிறது, ஹோலிலிருந்து அறைக்குப் போக முடியவில்லை.

"இரண்டு முகவரியையும் ஒருக்கா ஆறுதலா வாசியுங்கோ."

வாசித்தேன். வழங்கி, 192.168.1.8. இசைப்பான், 192.168.0.100. மூன்றாவது இலக்கம் வேறு. இரண்டு நாளும் கண்ணெதிரே இருந்ததை நான் வாசித்திருக்கவில்லை.

விடயம் இதுதான். ஹோலில் இருந்த ரவுட்டரின் வைஃபை தடித்த சுவரைத் தாண்டி அக்காவின் அறைக்கு வருவதில்லை. ஆகவே சில மாதங்களுக்கு முன் நானே இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி, ஹோலிலிருந்து வயர் இழுத்து, இணையம் என்று எழுதியிருந்த துளையில் செருகி வைத்திருந்தேன். இணையம் வந்தது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்தச் செயலால் ஒரு வீட்டுக்குள் இரண்டு நாடுகளை உருவாக்கிவிட்டேன் என்பதை நான் அறியவில்லை.

பத்திரிகைக் காரியாலயங்களில் உள்ளிணைப்புத் தொலைபேசி இருந்ததைப் பழைய நண்பர்கள் அறிவார்கள். ஆசிரியருக்கு 21, செய்திப் பகுதிக்கு 22. பக்கத்துக் காரியாலயத்திலும் 21, 22 இருக்கும். குழப்பம் இல்லை. வெளியுலகுக்குத் தெரிவது காரியாலயத்தின் ஒரே பொது இலக்கந்தான். இணையத்திலும் இதே ஏற்பாடு. 32 பிற் முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடிதான். அவை தீர்ந்துபோகும் என்று அஞ்சி, பல கணனிகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஒதுங்கும் முறையை 1994இல் முன்வைத்தார்கள். அதுவே நற். 192.168 எனத் தொடங்கும் 65,536 முகவரிகள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் உள்ளிணைப்பு இலக்கங்களாக ஒதுக்கப்பட்டமையை 1996இன் ஆவணம் கூறுகிறது. அஞ்சியது போலவே 2011 பெப்ரவரியில் மத்திய களஞ்சியம் காலியாகிவிட்டது. இன்று உலகின் எண்ணற்ற வீடுகளில் ஒரே 192.168 இருப்பதன் காரணம் இந்தப் பஞ்சமே.

எனது இரண்டாவது ரவுட்டர் தனக்கென ஓர் உள்ளிணைப்பு நிலையத்தை நடத்தியது. உள்ளேயிருந்து வெளியே பேசலாம். அதனாலேயே அறையிலிருந்து பிங் சென்றது, கையால் பதித்த முகவரியும் வேலை செய்தது. வெளியேயிருந்து உள்ளே வர வழியில்லை. இசைப்பான் தானாக வழங்கியைத் தேடும்போது கடிதம் எழுதுவதில்லை, பறை அறைகிறது. "இங்கே வழங்கி எவரேனும் உண்டோ?" என்று தன் வலையமைப்பு முழுவதற்கும் முழங்குகிறது. கடிதம் எல்லையைத் தாண்டும். பறையொலியோ ஊர் எல்லையோடு நின்றுவிடும். ரவுட்டர் அதை அப்பால் விடுவதில்லை. விட்டால் உலகத்துப் பறையெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒலிக்கும்.

வருத்தத்துக்கான காரணம் தெரிந்தபின் வைத்தியம் கால் மணித்தியால வேலைதான். முதலில், அறையில் இருந்த ரவுட்டர் முகவரி கொடுக்கும் அதிகாரத்தை நிறுத்தினோம். அதற்கு 192.168.1.2 என்ற, வேறெவரும் பாவியாத முகவரியைக் கொடுத்தோம். பின்னர் வயரை இணையத் துளையிலிருந்து கழற்றி, பக்கத்திலிருந்த சாதாரணத் துளையொன்றில் செருகினேன். அத்துடன் அது நாடு என்ற நிலையிலிருந்து இறங்கி, ஹோலின் வைஃபையை அறைக்குக் கொண்டுவரும் வெறும் வாசலாயிற்று. கடைசியாக, ஹோல் ரவுட்டரில் வழங்கியின் வன்பொருள் இலக்கத்தைப் பதிந்து, 192.168.1.8ஐ அதற்கே நிரந்தரமாக ஒதுக்கினோம். இனி மின்சாரம் எத்தனை முறை போய் வந்தாலும் அந்த வளவில் வேறெவரும் குடியேற முடியாது.

இசைப்பானை அணைத்து மீண்டும் போட்டேன். கையால் எதையும் பதிக்கவில்லை. தானே தேடிற்று, தானே கண்டுகொண்டது.

இதிலிருந்து நான் கற்றவற்றை வாசகர்களுக்கும் சொல்லி வைக்கிறேன். பாட்டு வந்துவிட்டது என்பதால் கோளாறு போய்விட்டதென்று கொள்ளாதீர்கள். பதில் வந்தால், யார் பதில் சொன்னார் என்று பாருங்கள். ஒரு திசையில் மட்டும் பரிசோதிக்காதீர்கள். இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள். யோசித்துப் பார்த்தால் இவை யாவும் நான் இளம் நிருபர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவையே. என் வீட்டு விடயத்தில் நானே அவற்றைச் செய்யவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாகின. அதைக் கண்ட தலைமுறை நாங்கள். அப்படியிருந்தும் 36 நாடாக்களின் பதிவுகளை ஒரே ஒரு சிறு பெட்டியில் வைத்துக்கொண்டு, அது பேசவில்லை என்று மூன்று நாள் தவித்தேன். இப்போது ரொறொன்ரோவில் ஒரு பிரதியும் இலண்டனில் ஒரு பிரதியும் இருக்கின்றன.

திவசத்தன்று படையல் முடிந்தபின் அக்காவின் அறையில் எல்லோரும் கூடினோம். ஐயா பயன் சொல்லத் தொடங்கினார். ஓரிடத்தில் நாடா ஈரம் பட்டு இழுபட்டது.

அக்கா கண்ணை மூடியபடியே சொன்னார்: "அண்ணை களைச்சுப்போனான். ஆராவது மாறி மிதியுங்கோ."