கொள்ளைநோய்க் காலத்தில் தொண்டுக் குழுக்களுக்குப் பணம் வந்த வழிகள்

சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட்-19 முறியடிப்பு நடவடிக்கைகள் நடப்பில் இருந்தன. தனித்து வாழும் முதியோர், வருமானம் இழந்த குடும்பங்கள், விடுதிகளைவிட்டு வெளியே வர முடியாத வெளிநாட்டு ஊழியர்கள் ஆகியோருக்கு உதவத் தொண்டூழியர்கள் பலர் முன்வந்தனர். சாப்பாட்டுப் பொட்டலம், மளிகைப் பை, முகக்கவசம், கைப்பேசி அட்டை என எல்லாவற்றுக்கும் பணம் தேவைப்பட்டது. ஒரு குழு எந்த நிதியை நாடலாம் என்பது பெரும்பாலும் அது எப்படி அமைந்திருந்தது என்பதைப் பொறுத்திருந்தது.

மன்றங்கள், சுயஉதவி அமைப்புகள்

தீவை ஐந்து வட்டாரங்களாகப் பிரித்துச் செயல்படுபவை சமூக மேம்பாட்டு மன்றங்கள். 1997ல் இவை அமைக்கப்பட்டன. லிட்டில் இந்தியா மத்திய சிங்கப்பூர் மன்றத்தின்கீழ் வருகிறது. 2020 மார்ச் 26ஆம் தேதி அறிவிக்கப்பட்ட மீள்திறன் வரவுசெலவுத் திட்டத்தில் ஐந்து மன்றங்களுக்கும் சேர்த்து 75 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. தங்கள் வட்டாரத்துக்கு ஏற்ற உதவித் திட்டங்களை மன்றங்கள் வகுக்க அது வழிவிட்டது.

சிண்டா, மெண்டாக்கி, சீனர் மேம்பாட்டு உதவி மன்றம், யுரேசியர் சங்கம் ஆகிய சுயஉதவி அமைப்புகளுக்கு ஈராண்டுகளுக்குக் கூடுதலாக 20 மில்லியன் வெள்ளி கிடைத்தது. 1991ல் தொடங்கப்பட்ட சிண்டாவுக்கு, வேலை செய்யும் இந்தியர்களின் மாதச் சந்தாவும் உண்டு. அவசர காலத்தில் அத்தகைய நிலையான வருமானம் பெரிய பலம்.

பதிவுபெற்ற அறநிறுவனங்கள்

நேரடி நன்கொடை நிகழ்ச்சிகள் நின்றுபோனதால் அறநிறுவனங்களின் வரவு அடிபட்டது. 2020 நிதியாண்டில், திரட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும் இன்னொரு வெள்ளி தரும் திட்டம், ஓர் அறநிறுவனத்துக்கு 250,000 வெள்ளி வரம்புடன் விரிவுபடுத்தப்பட்டது. சமூக சேவை அமைப்புகள் தங்கள் முக்கியச் சேவைகளைத் தொடரவும் மின்னிலக்கத்துக்கு மாறவும் தேசிய சமூக சேவை மன்றத்தின் இன்விக்டஸ் நிதி கைகொடுத்தது.

பதிவு இல்லாத குழுக்கள்

ஒரே வீவக புளோக்கில் நாலைந்து அண்டைவீட்டார் சேர்ந்து முதியவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தால், அது அறநிறுவனம் ஆகாது. அத்தகையோருக்காகவே கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சு, ‘நமது சிங்கப்பூர் நிதி’யின்கீழ் ‘எஸ்ஜி ஸ்ட்ராங்’ நிதியைத் தொடங்கியது. திட்டம் ஒன்றுக்கு 5,000 வெள்ளிவரை அப்போது பெற முடிந்தது. தெமாசெக்கின் ‘ஆஸ்கர்@எஸ்ஜி’ நிதியும் அடித்தள முயற்சிகளுக்கு உதவியது.

வெளிநாட்டு ஊழியர்கள்

கிருமித்தொற்று மிக அதிகமாகப் பரவியது ஊழியர் விடுதிகளில்தான். விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளாகியிருந்ததாக 2020 டிசம்பரில் அரசாங்கம் தெரிவித்தது. அவர்களில் நம் தமிழ்நாட்டுத் தம்பிகளும் பலர். விடுதிகளில் உணவு வழங்க அரசாங்கம் ஏற்பாடு செய்தது. ஆனால் குறைந்த வருமானத்தினருக்கான காம்கேர் உதவி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே உரியது. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் அதற்கு விண்ணப்பிக்க இயலாது.

இந்த இடைவெளியை அடைத்ததில் பொதுமக்களின் நன்கொடைக்குப் பெரும் பங்குண்டு. காயமடைந்த, சம்பளம் கிடைக்காத ஊழியர்களுக்கு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் ‘கஃப் ரோடு’ திட்டம்வழி இலவச உணவு வழங்கிவரும் ‘டிடபிள்யூசி2’, கேலாங்கில் குறைந்த கட்டண மருத்துவ சேவை நடத்திவந்த ‘ஹெல்த்சர்வ்’ போன்ற அமைப்புகள் ஏற்கெனவே களத்தில் இருந்தன. ஊழியர்களின் நம்பிக்கையும் மொழி தெரிந்த தொண்டூழியர்களும் அவற்றிடம் இருந்ததால் உதவி விரைவாகச் சென்றது.

குழு தொடங்குவோர் கவனத்துக்கு

• பத்துப் பேர் அல்லது அதற்குமேல் சேர்ந்து சங்கமாக இயங்கினால் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு தேவை.

• வீடு வீடாகவோ தெருவிலோ பணம் திரட்ட முன்கூட்டியே உரிமம் பெற வேண்டும்.

• ரசீதுகளையும் யாருக்கு என்ன கொடுத்தோம் என்ற பட்டியலையும் முதல் நாளிலிருந்தே வைத்திருங்கள். மானியம் தருவோர் கணக்குக் கேட்பார்கள்.

• தனியாகத் தொடங்குவதற்குமுன் உங்கள் வட்டார சமூக மன்றத்தையோ சிண்டாவையோ கேளுங்கள். அதே வேலையை அடுத்த புளோக்கில் வேறொரு குழு செய்துகொண்டிருக்கலாம்.

• உதவி பெறுவோரின் பெயர், படம், முகவரியை அவர்களது சம்மதமின்றிச் சமூக ஊடகங்களில் போடாதீர்கள்.

2003ல் சார்ஸ் பரவியபோது தொடங்கப்பட்ட ‘துணிவு நிதி’ 2020ல் மீண்டும் கைகொடுத்தது. அடுத்த நெருக்கடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பதிவும் கணக்கும் அண்டைவீட்டாரின் தொடர்பு எண்களும் இப்போதே கையில் இருந்தால், அன்று விண்ணப்பப் படிவத்தோடு போராடும் நேரத்தில் நாலு வீட்டுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்துவிடும்.