மூழ்காத படகுக்குள்ள தண்ணீர் எப்படி வந்துச்சு?

1961-ல அமெரிக்காவோட லைஃப் பத்திரிகையில ஒரு போட்டோ வரிசை வந்தது. டிக் ஃபிஷர்ங்கிறவர் தண்ணியில மிதக்கிற ஒரு சின்ன மோட்டார் படகுல உட்கார்ந்திருக்காரு. அந்தப் படகை ரம்பம் வச்சுக் குறுக்கால அறுக்கிறாங்க. படகு ரெண்டாப் போகுது, மூழ்கலை! மோட்டார் இருக்கிற பாதி கிளம்பி ஓடவும் செய்யுது. படகோட பேரு பாஸ்டன் வேலர். 1958-ல விற்பனைக்கு வந்தது, 13 அடி நீளம். ஃபிஷரும், ரே ஹன்ட்ங்கிற படகு வடிவமைப்பாளரும் சேர்ந்து உருவாக்கினது. இந்தப் போட்டோக்களை விட நல்ல விளம்பரம் எந்தப் படகுக்கும் கிடைச்சிருக்காதுன்னு நினைக்கிறேன்.

இன்னைக்கு அமெரிக்காவுல அந்தக் காலத்துப் பழைய ஃபைபர் படகு வாங்குறவங்க முதல்ல கேக்குற கேள்வி என்ன தெரியுமா? "தரைக்கு அடியில தண்ணி கோத்திருக்கா?" மூழ்காம இருக்கணும்னு எதை உள்ள அடைச்சாங்களோ, அதுவே தண்ணியைக் குடிச்சுக் கனத்துப் போயிருக்கும். இந்த எபிசோடு அதைப் பத்தித்தான்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1932-ல ஓவன்ஸ்-இல்லினாய் கண்ணாடிக் கம்பெனியில டேல் கிளைஸ்ட்ங்கிற இளம் ஆய்வாளர் ரெண்டு கண்ணாடிக் கட்டிகளைக் காத்துப் புகாதபடி ஒட்டுறதுக்கு முயற்சி பண்ணிக்கிட்டிருந்தாரு. உருகின கண்ணாடி மேல அழுத்தமான காத்து பட்டு, அது மெல்லிய நூல் நூலா சிதறிப் போச்சு. அவர் தேடினது அது இல்லை. ஆனா கண்ணாடி இழையை மொத்தமா, மலிவா தயாரிக்கிற வழி அதுல கிடைச்சது. 1938-ல ஓவன்ஸ்-கார்னிங் தனிக் கம்பெனியாவே உருவாயிடுச்சு. அதே காலத்துல பாலியெஸ்டர் ரெசினும் வந்து சேர, 1942-ல ஒஹையோ மாநிலம் டொலீடோவுல ரே கிரீன் ரெண்டையும் வச்சு ஒரு படகு செஞ்சாரு. போர் முடிஞ்சதும் இந்தத் தொழில் வேகமெடுத்தது.

மரப் படகு வச்சிருந்தவங்களுக்கு இது பெரிய விடுதலை. வருஷா வருஷம் இடுக்கு அடைக்க வேண்டாம், பெயின்ட் சுரண்ட வேண்டாம். ஆனா ஒரு விஷயத்தை விளம்பரங்கள் பெரிசா சொல்லலை. வெளித்தோடுதான் ஃபைபர். தரை பெரும்பாலும் பிளைவுட். தரைக்குக் கீழே நீளவாக்குல ஓடுற தாங்கு சட்டங்களும் மரம்தான், மேல ஒரு ஃபைபர் போர்வை, அவ்வளவே. இந்தச் சட்டங்களை ஸ்ட்ரிங்கர்னு சொல்லுவாங்க. படகோட முதுகெலும்புன்னே வச்சுக்கலாம்.

இன்னொரு பிரச்சினையும் இருந்தது. மரம் தானா மிதக்கும். ஃபைபர் மிதக்காது, ஒரு துண்டைத் தண்ணியில போட்டா நேரா அடிக்குப் போயிடும். அப்போ உள்ள தண்ணி ஏறினா? ஃபிஷரோட பதில்தான் நுரை, அதாவது ஃபோம். ஆரம்பத்துல ஸ்டைரோஃபோமும் எபாக்ஸியும் வச்சு முயற்சி பண்ணினாரு. எபாக்ஸி விலை அதிகம். ஆனா மலிவான பாலியெஸ்டர் ரெசின் பட்டா ஸ்டைரோஃபோம், நம்ம ஊர் தெர்மாகோல் குடும்பம்தான், கரைஞ்சே போயிடும். கடைசியில பாலியூரித்தேனுக்கு வந்தாரு. வெளி ஓடு, உள் ஓடு ரெண்டுக்கும் நடுவுல திரவமா ஊத்தினா, அது பொங்கி நிறைஞ்சு ரெண்டையும் ஒண்ணா ஒட்டிக்கும்.

அடுத்து சட்டம் வந்தது. 1971-ல அமெரிக்காவுல ஃபெடரல் போட் சேஃப்டி ஆக்ட் நிறைவேறுச்சு. அதன் கீழ வந்த விதிகள்படி, 1978-லேர்ந்து 20 அடிக்குக் குறைவான அவுட்போர்டு மோட்டார் படகுகள் தண்ணி நிறைஞ்சாலும் சமமா மிதக்கணும். 'சமமா'ங்கிற வார்த்தை முக்கியம். மூக்கு மட்டும் மேல துருத்திக்கிட்டு செங்குத்தா நிக்கிற படகை எத்தனை பேர், எவ்வளவு நேரம் பிடிச்சுத் தொங்க முடியும்? குளிர்ந்த ஏரித் தண்ணியில உடம்பு சீக்கிரம் விறைச்சிடும். படகு மட்டமா இருந்தா அதுக்குள்ளேயே உட்கார்ந்து உதவிக்குக் காத்திருக்கலாம். நல்ல சட்டம், சந்தேகமே இல்லை. அதுக்காகப் பல கம்பெனிகள் கண்டுபிடிச்ச சுலபமான வழி, தரைக்கு அடியில இருக்கிற காலி இடத்துல எல்லாம் ஃபோமை ஊத்தி மூடிடுறது.

இங்கதான் சிக்கல். விதிப்படி அந்த ஃபோமுக்கு பெட்ரோல், ஆயில் எல்லாம் வச்சு சோதனை உண்டு. சோதனைக் காலம் 24 மணி நேரம், அதிகம் போனா 30 நாள். படகு எத்தனை நாள் இருக்கும்? நாற்பது வருஷம் இருக்குது!

ஃபோமுக்குள்ள இருக்கிறது கோடிக்கணக்கான குட்டிக் காத்து அறைகள். மூடின அறைகள்னு சொல்றாங்க, ஆனா எல்லாமே கச்சிதமா மூடியிருக்காது. தரையில சீட் மாட்ட ஸ்க்ரூ அடிச்சிருப்பாங்க. அந்த ஓட்டை வழியா மழைத் தண்ணி சொட்டுச் சொட்டா இறங்கும். மேல ஒட்டின கார்ப்பெட் ஈரத்தைக் காய விடாது. கீழே தண்ணி பின்பக்கமா வடிஞ்சு போக ஸ்ட்ரிங்கர்கள்ல விட்டிருந்த சின்ன வழிகளையும் பொங்கி வந்த ஃபோமே அடைச்சிருக்கும். ஆக, வந்த தண்ணி போக வழியில்லாம வருஷக்கணக்கா அங்கேயே கிடக்கும். மின்னசோட்டா மாதிரி மாநிலங்கள்ல குளிர்காலத்துல அது உறைஞ்சு விரிஞ்சு, அறைகளோட சுவரை உடைக்கும். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் தண்ணி. கூடவே பிளைவுட்டும் ஸ்ட்ரிங்கரும் மக்கிப் போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கன அடி ஃபோம் ஒரு கிலோகூட இருக்காது. அது சுமார் 27 கிலோவைத் தண்ணியில தாங்கும். அதே ஒரு கன அடி தண்ணி 28 கிலோ. பத்து கன அடி ஃபோம்ல பாதி அளவுக்குத் தண்ணி ஏறிட்டா 140 கிலோ. எப்பவும் ரெண்டு ஆள் தரைக்கு அடியில ஒளிஞ்சு உட்கார்ந்து வர்ற மாதிரி. அதோட, ஆபத்துல நம்மைத் தாங்க வேண்டிய சக்தியும் பாதி காலி.

நம்ம கட்டுமரம் ஞாபகம் வருது. அந்த மரமும் தண்ணியை உறிஞ்சும். அதனாலதான் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியா மணல்ல காயப் போடுவாங்க. ஈரம் ஏறும்னு ஒத்துக்கிட்டு, அதைக் காய வைக்கிறதையும் தினசரி வேலையாவே வச்சுக்கிட்டாங்க. ஃபைபர் படகைச் செஞ்சவங்க, தண்ணி உள்ளேயே வராதுன்னு நம்பி மூடிட்டாங்க.

சரி, இந்தப் படகுகளை மீட்கிறவங்க என்ன பண்றாங்க? முதல் வேலை எடை மேடைக்குக் கொண்டு போறது. டிரெய்லர், மோட்டார், பெட்ரோல் எடையைக் கழிச்சு, கம்பெனி சொன்ன எடையோட ஒப்பிடுவாங்க. அப்புறம் தரையில வட்டமா ஒரு துளை போட்டு ஃபோமை எடுத்துப் பிழிஞ்சு பார்ப்பாங்க. ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணி கொட்டினா முடிவு தெரிஞ்சிடும். வெயில்ல வச்சா காயாதான்னு கேக்கலாம். ஊறின ஃபோம் அவ்வளவு சுலபமா காயாது. தோண்டித்தான் எடுக்கணும்.

தரையை அறுக்கிறதுக்கு முன்னாடி படகோட வயித்துப் பகுதிக்கு அடியில நல்லா முட்டுக் கொடுக்கணும். தரையும் ஸ்ட்ரிங்கரும் தான் அந்த வடிவத்தைப் பிடிச்சு வச்சிருக்கு. அதை எடுத்ததும் ஓடு தொய்ஞ்சிடும். அந்தத் தொய்வோட புதுச் சட்டத்தை ஒட்டினா வளைஞ்ச படகு நிரந்தரமாயிடும், அப்புறம் நேரா ஓடாது. ரம்பத்தோட ஆழத்தையும் பிளைவுட் கனத்துக்கு மட்டும் வச்சுக்கணும், இல்லைன்னா அடி ஓடு வரைக்கும் போயிடும். மக்கின ஸ்ட்ரிங்கரைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி அளவு எடுத்துக்கணும். அப்புறம் கிரைண்டர் வேலை. கண்ணாடித் தூசி உடம்பெல்லாம் அரிக்கும், நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல். மாஸ்க் இல்லாம இந்த வேலையைத் தொடவே கூடாது.

வேலர் மாதிரி படகுகள்ல கதை வேற. அங்க ஃபோம் தான் ரெண்டு ஓட்டையும் பிடிச்சிருக்கு. தரையைத் தூக்கினா படகே இல்லை. ஊறின இடத்தை மட்டும் பார்த்து, வெட்டி எடுத்து ஒட்டணும். அதனாலதான் அதுல தெரியாம ஒரு ஸ்க்ரூ அடிச்சு, சீல் பண்ணாம விட்டாலே ஜனங்க பதறுறாங்க.

கடைசியா, பெரிய சண்டை நடக்கிற இடம்: திரும்ப ஃபோம் ஊத்தணுமா, வேண்டாமா? "இத்தனை கஷ்டமும் அதாலதானே, காலியா விட்டுடு"ன்னு ஒரு கூட்டம். எனக்கு அதுல சம்மதம் இல்லை. ஃபோமே இல்லாத ஃபைபர் படகுல தண்ணி நிறைஞ்சா, அது மோட்டாரோட அடிக்குப் போயிடும். பிளைவுட்டோட எல்லா ஓரத்துக்கும் எபாக்ஸி பூசி, அடியில நடுவுல தண்ணி ஓட ஒரு வழி விட்டு, அதுக்கு மேல ஃபோம் வைக்கிறதுதான் சரின்னு படுது. செலவைப் பார்த்துட்டு சிலர் நீச்சல் குளத்து நுரைக் குழாய்களை அடைக்கிறாங்க. சிரிப்பா இருந்தாலும், அதுவும் கணக்குப் போட்டு, நகராதபடி வச்சா தாங்கும்.

இந்தப் படகுகள்ல ஓட்டுறவர் பக்கத்துல ஒரு சின்னத் தகடு இருக்கும். இத்தனை பேர், இவ்வளவு எடைன்னு போட்டிருக்கும். அந்த எண்கள் தொழிற்சாலையிலேர்ந்து வந்த அன்னைக்கு, ஃபோம் காய்ஞ்சு இருந்தப்போ போட்ட கணக்கு. தரையை மாத்தி, ஃபோமை மாத்தி, இன்னும் கனமான மோட்டாரை மாட்டினதுக்கு அப்புறமும் தகடு அதையேதான் சொல்லும். அதனால வேலை முடிஞ்சதும், மோட்டாரை மாட்டுறதுக்கு முன்னாடி, அதே எடைக்கு மணல் மூட்டையைக் கட்டி, இடுப்பளவு தண்ணியில நிறுத்தி, உள்ள தண்ணியை ரொப்பிப் பாருங்க. மட்டமா நிக்குதா, பின்பக்கம் இறங்குதான்னு அங்கேயே தெரிஞ்சிடும்.