அண்டமா, அண்டங்களா?

பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரிக்கும்போது குளுக்கோசாகவும் காலக்டோசாகவும் பிரிகிறது என்று வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இந்தக் காலக்டோசுக்கும் வானியல் நூல்களில் வரும் 'காலக்சி' என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றே. கிரேக்க மொழியில் 'காலா' என்றால் பால். நிலவில்லாத இரவில் வானத்தின் குறுக்கே வெண்மையாகத் தெரியும் பட்டையைக் கிரேக்கர்கள் 'காலக்சியாஸ்' என்றனர்; ஹீரா என்னும் தெய்வத்தின் மார்பிலிருந்து சிந்திய பால் அது என்பது அவர்களுடைய புராணம். உரோமானியர் 'வியா லாக்டியா' என்றனர். பால்வழி என்பது அதன் நேர்ப்பொருள். நம் நாட்டில் அது ஆகாய கங்கை; சீனர்களுக்கு வெள்ளி ஆறு; பாரசீகர்களுக்கோ வைக்கோல் இழுத்துச் சென்ற தடம்!

பெயர்கள் பல, பொருள் ஒன்றுதான். எனவே அச்சொல்லைப் பன்மையில் வழங்க வேண்டிய தேவை நெடுங்காலம் எழவில்லை. 1610-ஆம் ஆண்டில் கலிலியோ தம் தொலைநோக்கியால் பார்த்து, அப்பட்டை எண்ணற்ற விண்மீன்களின் கூட்டம் என்று அறிவித்தார். பால் போயிற்று, பெயர் நின்றது.

வானில் வேறு சில மங்கலான திட்டுகளும் உண்டு. ஆண்ட்ரோமெடா என்னும் விண்மீன் குழுவில் வெறுங்கண்ணுக்கே தெரியும் ஒன்றை, பாரசீக வானியலார் அல்-சூஃபி 964-ஆம் ஆண்டளவில் சிறு மேகம் என்று குறித்திருக்கிறார். இத்தகைய திட்டுகளுக்கு 'நெபுலா' என்று பெயர் வந்தது. இலத்தீனில் மூடுபனி அல்லது மேகம் என்று பொருள். இவற்றுள் சில மேகங்களே அல்ல, நம் பால்வழியைப் போலவே நெடுந்தொலைவில் உள்ள விண்மீன் கூட்டங்கள் என்று 1755-இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் எழுதினார். அக்கருத்தை அன்று மெய்ப்பிக்க வழியில்லை.

இங்கேதான் சொல்லில் சிக்கல் தொடங்கியது. பால்வழியே பிரபஞ்சம் முழுவதும் என்று பலர் எண்ணிய காலம் அது. அதற்கு வெளியே இன்னொன்று இருந்தால் அதை எப்படி அழைப்பது? ஹம்போல்ட் ஜெர்மன் மொழியில் 'உலகத் தீவு' என்ற சொல்லைக் கையாண்டார். ஆங்கிலத்தில் 'ஐலண்ட் யுனிவர்ஸ்', அதாவது தீவுப் பிரபஞ்சம் என்ற வழக்குப் பரவியது. ஆனால் 'யுனிவர்ஸ்' என்பதன் இலத்தீன் மூலத்திற்கு 'ஒன்றாகத் திரண்ட முழுமை' என்று பொருள். முழுமைக்கு ஏது பன்மை? இதைச் சொல்லாக்கத்தின் பிழை என்று கொள்ள வேண்டியதில்லை. பொருளே தெளியாத இடத்தில் சொல் தெளிவாக இருக்க முடியாது.

1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் வாஷிங்டனில், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தில் இரு வானியலார் இதுபற்றிப் பேசினர். பால்வழியின் குறுக்களவு 3 இலட்சம் ஒளியாண்டு. சுருள் வடிவ நெபுலாக்கள் அதற்கு இணையான தனித் தொகுதிகள் அல்ல என்றார் ஹார்லோ ஷாப்லி. 30 ஆயிரம் ஒளியாண்டுதான்; சுருள்கள் தனித் தொகுதிகளே என்றார் ஹீபர் கர்டிஸ். (இன்றைய கணக்கு ஏறத்தாழ 1 இலட்சம். அளவில் இருவருமே தவறினர்.)

விடை 1923 அக்டோபரில் கிடைத்தது. மவுண்ட் வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியால் எட்வின் ஹபிள் எடுத்த ஆண்ட்ரோமெடா நெபுலாவின் படத்தில் 'செஃபீடு' வகை விண்மீன் ஒன்று அகப்பட்டது. இவ்வகை விண்மீன்கள் ஒழுங்கான கால அளவில் மங்கி ஒளிர்பவை. அக்கால அளவைக் கொண்டு அவற்றின் உண்மையான ஒளித்திறனை அறியலாம் என்று ஹென்ரியேட்டா லீவிட் 1912-இலேயே காட்டியிருந்தார். உண்மை ஒளியையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஒப்பிட்டால் தொலைவு வந்துவிடும். ஹபிளுக்குக் கிடைத்த விடை 9 இலட்சம் ஒளியாண்டுக்கு மேல். இன்று 25 இலட்சம் என்கிறோம். எப்படிப் பார்த்தாலும் அது பால்வழிக்கு வெளியேதான்.

இச்செய்தியை ஹபிள் 1924-இல் ஷாப்லிக்குக் கடிதமாக எழுதினார். அது தம்முடைய பிரபஞ்சத்தையே அழித்துவிட்ட கடிதம் என்று ஷாப்லி சொன்னதாக, அப்போது உடனிருந்த சிசிலியா பெய்ன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இனி வேடிக்கை. தோற்ற ஷாப்லி, வெளியே உள்ள தொகுதிகளையும் 'காலக்சிகள்' என்றே அழைக்கலாம் என்றார். வென்ற ஹபிளோ இசையவில்லை. அவருக்கு அவை 'பால்வழிக்கு அப்பாற்பட்ட நெபுலாக்கள்'. 1936-இல் அவர் எழுதிய நூலின் பெயரிலும் நெபுலாதான். பழகிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். 1943-இல் ஷாப்லி 'காலக்சிகள்' என்றே ஒரு நூல் வெளியிட்டார். ஹபிள் 1953-இல் காலமானார். அவர் தொடங்கிய பணியை ஆலன் சாண்டேஜ் முடித்து 1961-இல் வெளியிட்ட படத்தொகுப்பின் பெயர் என்ன தெரியுமா? 'ஹபிள் காலக்சி அட்லஸ்'!

தமிழிலும் இதே சிக்கல் உண்டு. வடமொழியில் 'அண்டம்' என்றால் முட்டை. பிரமனின் முட்டைதான் 'பிரமாண்டம்'. திரைப்பட விளம்பரங்களில் இப்போது அது படும் பாட்டை நாம் அறிவோம். 'பிரபஞ்சம்' என்பதற்கு விரிதல் என்ற பொருள் உண்டு. அதனால் பிரபஞ்சம் விரிவடைவதை முன்னோர் அறிந்திருந்தனர் என்று வாதிடுவது சரியன்று. ஹபிளும் பிறரும் தொலைவுகளை அளந்த பிறகே அது தெரிய வந்தது. 'அண்டம்' என்பதைச் சிலர் பிரபஞ்சத்திற்கும், சிலர் காலக்சிக்கும் வழங்குகின்றனர். "அண்டம் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது" என்று ஒரு நூலிலும், "நம் அண்டத்தின் குறுக்களவு 1 இலட்சம் ஒளியாண்டு" என்று மற்றொன்றிலும் படிக்கும் மாணவர் திகைக்க மாட்டாரா? 'விண்மீன் திரள்' என்பது காலக்சிக்கு நல்ல சொல்தான். ஆயினும் கார்த்திகைக் கூட்டம் போன்ற சிறு கொத்தையும் திரள் என்போர் உள்ளனர். பால்வழியில் இருப்பவையோ 10,000 கோடி விண்மீன்களுக்குக் குறையாது. பிரபஞ்சத்தைப் பேரண்டம் என்றும், காலக்சியை விண்மீன் திரள் என்றும், கார்த்திகை போன்றவற்றைக் கொத்து என்றும் வரையறுத்துக் கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்படி ஒரு வரையறை நிலைபெறும் வரை, 'அண்டம்' என்று படித்தவுடன் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். குறுக்களவு ஒளியாண்டு இலட்சங்களில் இருந்தால் அது காலக்சி. ஆயிரங்கோடிகளில் இருந்தால் பிரபஞ்சம்.