இழப்பீடு

இழப்பு + ஈடு. ‘இடு’ என்ற வினையின் முதலெழுத்து நீண்டு ‘ஈடு’ ஆயிற்று. சுடு சூடானதும் கெடு கேடானதும் இப்படித்தான். இட்டு வைப்பது என்ற பொருளிலிருந்து அடமானம், சமம், மாற்று எனப் பொருள்கள் கிளைத்தன. கடனுக்கு நகையை ஈடு வைக்கிறோம். ‘ஈடு இணை’ என்கிறோம். ஆக, போனதற்குச் சமமானதை அந்த இடத்தில் வைப்பதே இழப்பீடு. புணேயில் இதையே ‘நுக்சான் பர்பாயி’ என்பார்கள். மராத்தியில் ‘பர்’ என்றால் நிரப்பு.

இந்தச் சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2019 டிசம்பரில் திருத்தப்பட்ட இந்திய ஆயுதச் சட்டம், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டியிருந்தது. ராணுவத்தின் தென்பிராந்தியத் தலைமையகம் உள்ள புணே உட்பட நாடெங்கும் படைவீரர்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது: தம் படைப்பிரிவின் ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கலாம். ஆனால் அந்தத் திருத்தத்தில் இழப்பீட்டுக்கென ஒரு வரிகூட இல்லை. விற்றுக்கொள்வது உரிமையாளரின் பாடு.

ஆஸ்திரேலியா 1996இல் போர்ட் ஆர்தர் என்ற இடத்தில் நடந்த துப்பாக்கிப் படுகொலைக்குப் பின் தடைசெய்த துப்பாக்கிகளை விலை கொடுத்தே வாங்கியது. சுமார் 6,50,000 துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. நியாயமான ஈடின்றிச் சொத்தை எடுக்கக் கூடாது என்பது அந்நாட்டு அரசமைப்பின் விதி. நம் நாட்டில் சொத்துரிமை 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீங்கியது. துப்பாக்கிகள் குறைவது நல்லதுதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் முறையாக உரிமம் பெற்று வாங்கியவருக்கு அரசு ஒரு விலை வைத்திருக்க வேண்டும்.